கணினிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

மட்டக்களப்பிலே கல்யாணப் பேச்சு எழுந்தால், பெரியவர்கள் முதலிலே கேட்பது "என்ன குடி?" என்பதாகும். சாதகக் குறிப்பும் சீதனப் பேச்சும் அதற்குப் பின்னரே வரும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே குடியினராயின், அழகும் படிப்பும் எவ்வளவு இருந்தாலும் பேச்சு அவ்விடத்திலேயே நின்றுவிடுவது நம்மவரின் பழைய வழக்கம். இத்துணை முன்யோசனையுள்ள நாம், பல பாகங்களைத் தேடி வாங்கி வீட்டிலே ஒரு கணினியை இணைக்கப் புகும்போது மட்டும், குடி கேளாமலே தாலி கட்டிவிடுகிறோம். அதன் பலனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லடியிலே கண்ணாரக் கண்டேன். நம் வாசகர் இல்லங்களிலே வேறொருவருக்கும் அந்நிலை வராதிருத்தல் வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வாவிக்கரையை அடுத்த சிறு வீடு அது. தந்தையார் வளைகுடா நாடொன்றிலே உழைக்கிறார். தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறார். மூத்த மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் பிள்ளை. விளையாட்டுக்கு ஏற்ற வலிமையுள்ள கணினியொன்றைத் தன் கையாலே அமைக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. "விளையாட்டுக்கு மட்டும் இல்லையம்மா, படம் வரையவும் நிரல் எழுதிப் பழகவும் அதே பெட்டிதான்" என்று சொல்லித் தாயாரை இணங்கச் செய்திருந்தான். தந்தையார் அனுப்பியதில் மிச்சம் பிடித்ததும், தாயார் சீட்டுக் கட்டி எடுத்ததுமாக இரண்டரை இலட்சம் ரூபா சேர்ந்திருந்தது.

பணத்திலே ஒரு பகுதியுடன் இரவுப் பேருந்திலே கொழும்புக்குப் போன பிள்ளை, மூன்று சாமான்களை வாங்கி வந்தான். நான் அங்கே சென்றபோது அவை மேசையிலே திறந்து கிடந்தன. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன் என்ற முறையிலே என்னை அழைத்திருந்தார்கள்.

"மாமா, இது இதுக்குள்ள இறங்குதில்லை" என்றான் பிள்ளை. அவன் கையிலே இருந்த சில்லுக்கு அடியிலே நூற்றுக்கணக்கான பொன்னிற ஊசிகள். அதை வைக்க வேண்டிய பலகையின் குழியிலும் மெல்லிய ஊசிகள். ஊசியோடு ஊசி எவ்வாறு பொருந்தும்? சற்று அழுத்தியிருந்தால் இரண்டும் பாழாகியிருக்கும்.

தாயார் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். "காசு போயிற்றா அண்ணன்?" என்று கேட்டார். மகனைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் தலை நிமிரவில்லை.

குடிப் பொருத்தம்

கணினியின் மூளையை முறைவழியாக்கி என்பர்; கடைத்தெருவிலே அது 'புரொசெசர்'. அதனைத் தாங்கி, மற்றைய உறுப்புக்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று தொடுக்கும் பலகை தாய்ப்பலகை, கடையிலே 'மதர்போட்'. இவ்விரண்டுக்கும் இடையே பார்க்க வேண்டியதே முதலாவது பொருத்தம்.

வீட்டிலே அமைக்கும் விளையாட்டுக் கணினிகளுக்கான மூளையைத் தருவோர் இன்று பெரும்பாலும் இரு நிறுவனத்தாரே: இன்டெல், ஏ.எம்.டி. வடமோடிக் கூத்துக்குரிய ஆட்டமும் உடுப்பும் வேறு, தென்மோடிக்குரியன வேறு என்பதை நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுபோலவே இன்டெலின் மூளை ஏ.எம்.டி.க்குரிய பலகையிலே அமராது, மறுதலையும் அப்படியே.

ஆனால் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்தல் போதாது. மூளை அமரும் குழியை 'சொக்கெற்' என்பர். அக்குழிக்கு ஒரு பெயர் உண்டு. அதுவே கணினியின் குடிப்பெயர். ஏ.எம்.டி.யின் 'ரைசன்' என்னும் வரிசை 2017ஆம் ஆண்டிலே வெளிவந்தபோது அதன் குடி 'ஏ.எம். 4'. அதிலே ஊசிகள் மூளையின் அடியிலே இருக்கும். 2022ஆம் ஆண்டிலே 'ஏ.எம். 5' என்னும் புதுக்குடி தோன்றியது. அதிலே ஊசிகள் பலகைக்கு மாறின. மூளையின் அடியிலே தட்டையான தொடுபுள்ளிகள் மட்டுமே உண்டு. அப்பிள்ளை வாங்கியது 'ரைசன் 5 5600' என்னும் பாவித்த மூளை, அது ஏ.எம். 4 குடி. பலகையோ ஏ.எம். 5 குடி. பெட்டியின் மேலே 'ரைசன்' என்ற சொல்லைக் கண்டதும் இரண்டும் ஒன்றே என எண்ணிவிட்டான். விற்றவரும் குடி கேட்கவில்லை.

இன்டெலிலும் இதே கதைதான். 12ஆம், 13ஆம், 14ஆம் தலைமுறை மூளைகளுக்கு 'எல்.ஜி.ஏ. 1700' என்னும் குழி. 2024ஆம் ஆண்டு வெளிவந்த 'கோர் அல்ட்ரா 200' வரிசைக்கு 'எல்.ஜி.ஏ. 1851'. பெயரிலுள்ள எண் தொடுபுள்ளிகளின் தொகை. ஆகவே எண் வேறாயின் உறவு இல்லை.

இதிலும் நுட்பமான ஒரு பொறி உண்டு. இன்டெலின் 6ஆம், 7ஆம் தலைமுறை மூளைகளுக்கும் 8ஆம், 9ஆம் தலைமுறை மூளைகளுக்கும் குழியின் பெயர் ஒன்றே: 'எல்.ஜி.ஏ. 1151'. எனினும் முன்னவற்றுக்கென வந்த பலகையிலே பின்னவை இயங்கமாட்டா. காரணம், பலகையிலுள்ள துணைச் சில்லுத் தொகுதியும் மின்னிணைப்பின் ஒழுங்கும் மாறிவிட்டமையே. ஆதலால் குழியின் பெயரோடு துணைச் சில்லுத் தொகுதியின் பெயரையும் பார்த்தல் வேண்டும். ஏ.எம்.டி. பலகைகளிலே 'பி 450', 'பி 550' என்றெல்லாம் எழுதியிருப்பது அதுவே.

பலகையிலே நிலையாகப் பதிந்துள்ள 'பயோஸ்' என்னும் தொடக்க நிரலும் பார்க்கத்தக்கது. பழைய பி 450 பலகையொன்று ரைசன் 5600ஐ ஏற்குமாயினும், பயோஸ் பழையதாயின் புதிய மூளையை இனங்காணாமல் மௌனமாக இருந்துவிடும். அதனைப் புதுப்பித்துத் தருமாறு வாங்கும் கடையிலேயே கேட்டுக்கொள்வது நலம். பலகையைச் செய்த ஒவ்வொரு நிறுவனமும், எந்த மூளை எந்தப் பயோஸ் பதிப்பிலிருந்து இயங்கும் என்ற அட்டவணையை இணையத்திலே வெளியிட்டிருக்கிறது. பத்து நிமிடம் அதைப் படிப்பவர் பல ஆயிரம் ரூபாவைக் காப்பாற்றுவார்.

மனிதர் கல்யாணத்துக்கு ஒரே குடி ஆகாது. கணினியிலோ ஒரே குடியல்லாது ஆகாது. வேறுபாடு இவ்வளவே.

நினைவகப் பொருத்தம்

மேசையிலே கிடந்த மூன்றாவது சாமான் நினைவகம். 'ராம்' என்று எல்லோரும் அறிவர். பிள்ளை வாங்கியது 'டி.டி.ஆர். 4' என்னும் வகை. ஏ.எம். 5 பலகையோ 'டி.டி.ஆர். 5' ஒன்றையே ஏற்கும். இரண்டு வகைக்கும் தொடுபுள்ளிகள் 288தான். தொலைவிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் போலவே தோன்றும். ஆனால் நடுவிலுள்ள வெட்டு ஒரே இடத்திலே இராது, மின்னழுத்தமும் ஒன்றன்று. முன்னதற்கு 1.2 வோல்ற்று, பின்னதற்கு 1.1 வோல்ற்று. தவறான துளையிலே ஒருவர் செருகிவிடாதபடியே அவ்வெட்டு இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஆதலால் எளிதிலே இறங்காததை வலிந்து இறக்குதல் கூடாது.

இங்கேதான் நல்ல செய்தியும் கிடைத்தது. மூளை ஏ.எம். 4, அதற்குரிய நினைவகம் டி.டி.ஆர். 4. அவை இரண்டும் தம்முள் பொருந்தியவை! பொருந்தாதது பலகை ஒன்றே. "மூன்றும் பிழையில்லை மனே, ஒன்றுதான் பிழை" என்றேன். தாயார் நாற்காலியை இழுத்து அமர்ந்தார். ஒரு கண்ணாடியை வைத்து மூளையின் ஊசிகளை வரிசை வரிசையாகப் பார்த்தோம். ஒன்றும் வளையவில்லை.

நினைவகம் பற்றி இன்னும் இரு குறிப்புக்கள். 16 கிகாபைற்று வேண்டுமாயின் ஒரே துண்டாக வாங்குவதிலும் 8 வீதம் இரண்டு துண்டுகளாக வாங்குவது பெரும்பாலும் விளையாட்டுக்கு நன்று. மூளை இரண்டு வழியாலும் ஒரே வேளையிலே தரவை எடுத்துக்கொள்ளும். நான்கு துளைகள் உள்ள பலகையாயின், மூளையிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுமாறு பெரும்பாலான கைந்நூல்கள் சொல்கின்றன. அடுத்தடுத்த துளைகளிலே செருகிவிட்டு, "வேகம் இல்லையே" என வருந்துவோர் பலர்.

பாலப் பொருத்தம்

கல்லடியின் பழைய பாலத்தை அறியாதார் யார்? 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அவ்விரும்புப் பாலம் ஒடுங்கியது. ஒரு பக்கத்து வாகனங்கள் கடந்து முடியும்வரை மறுபக்கத்தவை காத்து நிற்க வேண்டும். எவ்வளவு விரைவான மோட்டார் வண்டியிலே வந்தாலும், பாலத்தடியிலே மாட்டு வண்டிக்காரனும் மோட்டார்க்காரனும் ஒன்றாகவே நின்றனர். 2013ஆம் ஆண்டிலே அருகே அகன்ற புதுப்பாலம் திறக்கப்பட்ட பின்னரே அந்தக் காத்திருப்புத் தீர்ந்தது.

விளையாட்டுக் கணினியிலே மூன்று வண்டிகள் ஓடுகின்றன. மூளை கணக்கைச் செய்கிறது. வரைகலை அட்டை ('கிராபிக்ஸ் கார்ட்') அக்கணக்கைப் படமாக வரைகிறது. திரை அப்படத்தைக் காட்டுகிறது. இவற்றுள் மெதுவானது எதுவோ அதுவே பழைய பாலம். சாதாரணத் திரையிலே அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. 60 ஹேர்ட்ஸ் திரை விநாடிக்கு 60 தடவை மட்டுமே படத்தைப் புதுப்பிக்கும். அத்தகைய திரையை வைத்துக்கொண்டு, விநாடிக்கு 200 படங்களை வரையும் அட்டைக்குப் பெரும்பணம் கொடுப்பதிலே கண்காணும் பயன் சிறிதே. '4கே' என்னும் திரையோ நான்கு மடங்கு புள்ளிகள் கொண்டது. அதற்கு எளிய அட்டையைப் பூட்டினால் விளையாட்டு தள்ளாடித் தள்ளாடி நடக்கும்.

ஆகவே முதலிலே திரையைத் தீர்மானிக்க வேண்டும். பின்னர் அதற்கேற்ற அட்டை. அதன்பின் அந்த அட்டைக்கு ஈடுகொடுக்கும் மூளை. நம்மவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மூளைக்கே பணம் முழுவதையும் இறைத்துவிட்டு, மிச்சத்துக்கு அகப்பட்ட அட்டையை வாங்குகிறார்கள்.

இன்னுமொன்று. ரைசன் 5 5600இலே படம் காட்டும் பகுதி இல்லை. 'ஜி' என்ற எழுத்துச் சேர்ந்த 5600ஜியிலே உண்டு. இன்டெலிலே பெயரின் ஈற்றில் 'எஃப்' இருந்தால் அப்பகுதி இல்லை என்பது பொருள். "இப்போது மூளையை வாங்குவோம், அட்டையை அடுத்த வருடம் பார்ப்போம்" என்போர் இந்த ஓர் எழுத்தைக் கவனிக்கத் தவறினால், அடுத்த வருடம்வரை இருண்ட திரையையே பார்த்திருக்க நேரும்.

மின் பொருத்தம்

வீட்டு மின்சாரத்தைக் கணினி உண்ணத்தக்கதாக மாற்றிக் கொடுப்பது மின்வழங்கி. கடையிலே 'பவர் சப்ளை'. கண்ணாடிக்குப் பின்னே ஒளிரும் விளக்குகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, மறைந்திருக்கும் இந்த உறுப்பிலே சிக்கனம் பிடிப்பது பெருந்தவறு. தரமற்ற மின்வழங்கி சாகும்போது தனியே சாவதில்லை. மற்றவற்றையும் உடன் கொண்டுபோகக்கூடும்.

கணக்கு எளிது. அப்பிள்ளை எண்ணியிருந்த அட்டை 'ரேடியான் ஆர்.எக்ஸ். 6600'. அது 132 வாற்று கேட்கும். 65 வாற்று எனக் குறித்துள்ள அவனது மூளை, கடுமையாக உழைக்கும்போது 88 வாற்று வரை போகலாம். பலகை, நினைவகம், விசிறிகள், சேமிப்பகம் ஆகியவற்றுக்கு ஒரு 50 வைப்போம். கூட்டினால் 270 வாற்று. அட்டையைச் செய்தவர்கள் ஆகக் குறைந்தது 450 வாற்று மின்வழங்கியைப் பரிந்துரைக்கிறார்கள். நல்ல நிறுவனத்தின் 500 அல்லது 550 வாற்று போதுமானது, 850 தேவையில்லை.

அட்டைக்கு மின் செல்லும் வழியையும் பார்க்க வேண்டும். அது அமரும் துளை 75 வாற்று கொடுக்கும். ஆறு முனைக் கம்பி மேலும் 75. எட்டு முனைக் கம்பி 150. அட்டைக்கு எட்டு முனை வேண்டுமாயின் மின்வழங்கியிலும் எட்டு முனை இருத்தல் வேண்டும். கழற்றிப் பூட்டத்தக்க கம்பிகளுள்ள மின்வழங்கியாயின், ஒன்றின் கம்பியை வேறொன்றிலே பூட்டவே கூடாது. முனைகள் பொருந்திவிடும், உள்ளே கம்பிகளின் ஒழுங்கு மாறியிருக்கும், சேமிப்பகம் கருகிப்போகும். '80 பிளஸ்' என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதையே சொல்கிறது. ஆயுளுக்கு அது உத்தரவாதம் அன்று. மலிவான சில மின்வழங்கிகளின் பின்புறம் 115, 230 என்ற சிவப்பு ஆளி இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஆளி 115இலே இருக்க மின்னைக் கொடுத்தால் மின்வழங்கி வெடித்துப் பழுதாகும்.

இடப் பொருத்தம்

இதுவரை நான் பேசினேன்; இந்தப் பொருத்தத்தை எனக்கு விளக்கியவர் அந்தத் தாயார்.

எல்லாவற்றையும் அடக்கும் கூடு 'கேசிங்'. ஏ.டி.எக்ஸ். என்னும் முழுப்பலகை 305 மில்லிமீற்றர் நீளமும் 244 அகலமும் உடையது. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை இருபுறமும் 244க்குள் அடங்கும். சிறிய பலகை பெரிய கூட்டிலே அமரும். பெரிய பலகை சிறிய கூட்டிலே அமராது. வரைகலை அட்டையின் நீளமோ செய்தவரைப் பொறுத்தது. ஒரே பெயருடைய அட்டையை ஒருவர் 20 சென்ரிமீற்றருக்குள் அடக்குவார். மற்றொருவர் மூன்று விசிறி வைத்து 28 சென்ரிமீற்றருக்கு நீட்டுவார்.

பிள்ளை தெரிவுசெய்திருந்த அட்டை 282 மில்லிமீற்றர். கூட்டின் விபரத்தாளிலே, 300 மில்லிமீற்றர் வரை இடமுண்டு என்றிருந்தது. "காணும்தானே மாமா" என்றான். தாயார் கழுத்திலே கிடந்த அளவு நாடாவை எடுத்து மேசையிலே நீட்டினார்.

"முன்னுக்கு விசிறி பூட்டப்போறாய்தானே? அதின்ர மொத்தம் எவ்வளவு மனே?"

"25 மில்லிமீற்றர்."

"அப்ப 275தான் மிச்சம். தையலுக்கு விடுற துணியைக் கழிக்காமல் வெட்டினால் சட்டை கொள்ளுமா?"

உண்மையிலே சில நிறுவனங்கள் முன்விசிறியைக் கழித்த அளவையே அச்சிடுகின்றன, சில கழிப்பதில்லை. அந்தக் கூடு கழியாத வகையைச் சேர்ந்தது. 7 மில்லிமீற்றர் குறையினாலே இரண்டாவது பிழையும் நேர்ந்திருக்கும். இரண்டு விசிறி கொண்ட குட்டையான அட்டையைத் தெரிவுசெய்தோம். விலையும் சற்றுக் குறைந்தது. மூளையின் மேலே பூட்டும் குளிரூட்டியின் உயரத்தையும் இவ்வாறே கூட்டின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும். அளவு எடுத்த பின்னரே கத்தரிக்கோலைத் தொடுதல் தையற்காரர் வழக்கம். கணினிக்கும் அதைவிடச் சிறந்த விதி ஒன்றை நான் அறியேன்.

ஊர்ப் பொருத்தம்

பாகங்கள் தம்முள் பொருந்தினாற் போதாது. நம் ஊரோடும் பொருந்துதல் வேண்டும். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவிக்கும் அப்பாலுள்ள கடலுக்கும் நடுவே, எழுவான்கரையிலே வாழ்வோருக்கு உப்புக் காற்று உடன்பிறப்பு. உப்பும் ஈரமும் உலோக முனைகளை அரிக்கும். யன்னலோரத்திலே கணினியை வைத்தல் ஆகாது. மாரிகாலத்திலே வெள்ளம் புகும் வீடுகளிலே தரையிலே வைத்தலும் ஆகாது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே அறையே அனலாக இருக்கும். காற்று உட்புகுந்து வெளியேறத் துளைகள் நிறைந்த முன்முகமும், கழற்றிக் கழுவத்தக்க தூசு வலையும் உள்ள கூடே நமக்கு ஏற்றது. முன்முகம் முழுவதும் கண்ணாடியாலான கூடு கண்ணுக்கு அழகு, கச்சானுக்கு ஆகாது.

மின்வெட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்தமையால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 'யூ.பி.எஸ்.' என்னும் காப்பு மின்கலம், செய்த வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்துவதற்குச் சில நிமிடங்களைத் தரும். அதை வாங்கும்போது 'வி.ஏ.' என்ற பெரிய எண்ணை நம்பாது வாற்று எண்ணைப் பார்க்கவும், 650 வி.ஏ. எனப் பெயர் பெற்றது 400 வாற்றும் கொடாது. மூன்று முள் செருகியின் புவித்தொடுப்பு உயிரோடிருக்கிறதா என மின்வினைஞரைக் கொண்டு பார்ப்பது அவசியம்.

பாவித்த பொருளை வாங்குவோர் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட கணினிகள் மலிவாக வருகின்றன. அவற்றிலே பல தமக்கே உரிய பலகையும் மின்வழங்கியும் கொண்டவை. பொதுச் சந்தைப் பாகங்கள் பொருந்தமாட்டா. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்க, இன்டெலிலே பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதன் பிந்தியது வேண்டும்.

இப்பொருள்களின் முக்கிய சில்லுக்கள் எவையும் நம் தீவிலே செய்யப்படுபவையல்ல. அவற்றின் விலை டொலரிலே நிற்கிறது. 2022 மார்ச் தொடக்கத்திலே ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்திலே 360 ரூபாவை எட்டியது. அந்த நாள் முதல், ஒரு பாகத்தைப் பிழையாக வாங்குதல் என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறு பிழையாக இருக்கவில்லை.

இல்லப் பொருத்தம்

கணிதமும் விஞ்ஞானமும் கற்றுத் தமிழுக்கு வந்தவர் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள். பழந்தமிழரின் யாழைக் கணக்கினாலே ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டிலே யாழ்நூலை வெளியிட்டார். பத்தரும் கோடும் நரம்பும் அளவாலே இசைந்தாலன்றி யாழிலே பண் பிறவாது. நரம்பு மட்டும் பொன்னாலானது என்பதற்காக இசை இனிப்பதில்லை. கணினிக்கும் இதுவே நியாயம். ஆக விலையுயர்ந்த பாகங்களின் குவியலன்று நல்ல கணினி. ஒன்றுக்கொன்று இசைந்தவற்றின் சேர்க்கையே நல்ல கணினி.

அந்த இசைவு வீட்டாருக்குள்ளும் வேண்டும். பரீட்சைக் காலத்திலே தங்கைக்கு முதலிடம், இரவு பத்து மணிக்குப் பின் விளையாட்டு இல்லை, கணினி இருப்பது தனியறையிலன்றி விறாந்தையிலே என்று தாயும் பிள்ளையும் அன்றே பேசி ஒப்புக்கொண்டார்கள். விளையாட்டை வெறும் வீண் என்று தள்ள நான் துணியேன். 2023ஆம் ஆண்டு ஹாங்சூவிலே நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே கணினி விளையாட்டுக்களுக்கும் முதன்முறையாகப் பதக்கம் வழங்கப்பட்டது. ஆனால் பிள்ளையின் கையிலிருப்பது யாருடைய உழைப்பு என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும்.

மறுவாரம் பிள்ளை மீண்டும் கொழும்புக்குப் போனான். இம்முறை தாயாரும் உடன் சென்றார். கடைக்காரர் சில ஆயிரம் ரூபாவைக் கழித்துக்கொண்டு பலகையை மாற்றிக் கொடுத்தார். அதனை நட்டம் என்பதா, பள்ளிக் கட்டணம் என்பதா, அறியேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலே கூட்டின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிவிட்டு வேலையைத் தொடங்கினோம். மூளை தன் எடையாலேயே குழிக்குள் இறங்கிற்று. ஒரு விரலும் அழுத்தவில்லை. மாலை நான்கு மணிக்கு ஆளியை அமுக்கியபோது விசிறிகள் சுழன்றன. திரை மட்டும் இருண்டே கிடந்தது. தாயார் என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை பதறவில்லை. கூட்டின் பின்புறம் குனிந்து பார்த்து, "திரைக் கம்பியைப் பலகையிலே குத்திப்போட்டேன் அம்மா, அட்டையிலே எல்லே குத்த வேணும்" என்று தானே கண்டு மாற்றினான். திரை ஒளிர்ந்தது.

புறப்படும்போது தாயாரின் அளவுக் கொப்பி மேசையிலே திறந்து கிடந்தது. ஊர்ப் பெண்களின் தோள் அளவும் இடுப்பளவும் எழுதிய பக்கங்களுக்கு நடுவே, அவர் கையெழுத்திலேயே ஒரு பக்கம்: "கணினி. உள் நீளம் 300. விசிறி 25. மிச்சம் 275."